தனி வீட்டுக்குக் குடிவந்த பிறகு இடி ஏன் இவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது?

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். தை மாதம் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) விட்டு, மேட்டில் கட்டிய தனி வீட்டுக்குக் குடிவந்தார்களாம். பங்குனிக் கடைசியிலிருந்து பின்னேரம் மூன்று மணியானால் இடி. லயத்தில் இருந்த காலத்தில் இப்படி இருந்ததில்லை என்கிறார். இரண்டு கிழமைக்குள் டிவியும் ரவுட்டரும் போய்விட்டன. ஆறு வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள். கணவர் கொழும்பில் வேலை. வீட்டுக்கு அடியில் கிடக்கும் கல் மின்னலை இழுக்கிறது என்று அயல்வீட்டார் சொல்கிறார்கள், இடம் சரியில்லை என்று மாமியார் சொல்கிறார். இடிதாங்கி போடுவதா, வீட்டையே விட்டுவிடுவதா என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த இடத்தில் உண்மையாகவே இடி கூடுதலா? சாமான்கள் எப்படி எரிந்தன? பிள்ளையும் நீங்களும் அந்த வீட்டில் பத்திரமாக இருக்க முடியுமா? இவற்றுக்குப் பின்னால், லயத்தை விட்டு வந்ததே பிழையோ என்ற வருத்தமும் தெரிகிறது. நான் 27 வருடமாகப் பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன். வானத்தைப் பற்றி நான் சொல்வது பயிற்சியிலும் வாசிப்பிலும் கிடைத்தது. கம்பியையும் எர்த்தையும் (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பையும்) பற்றிச் சொல்வது கையால் தொட்டுப் படித்தது. உங்கள் வீட்டை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் வானம். நீங்கள் குடிவந்த நேரம் வடகீழ்ப் பருவ மழைக்காலம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வங்கக் கடல் பக்கமிருந்து வரும் காற்று ஊவா மலையில் மோதி மழை கொடுக்கும். அது நாள்கணக்கில் நசநசவென்று பெய்கிற மழை, இடி அதில் குறைவு. மார்ச்சும் ஏப்ரலும் இடைப்பருவம். அப்போது நாட்டின் மேல் பெரிய பருவக்காற்று எதுவும் ஓடாது. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வேறு நிற்கிறது. காலையில் வெயில் சுள்ளென்று அடித்துத் தேயிலைச் சரிவு சூடேறும்போது, இரண்டு பக்கக் கடலிலிருந்தும் ஈரக் காற்று நாட்டுக்குள் வந்து மலையில் ஏறத் தொடங்கும். ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகும். காலை பத்தரை மணிக்கு நமுனுகுலை உச்சியில் பஞ்சுப் பொதி மாதிரி உட்கார்ந்திருந்த முகில், இரண்டு மணிக்கு அடி கறுத்து, தலை பத்துக் கிலோமீற்றரையும் தாண்டி நிற்கும். அந்த முகிலுக்குள் மேலே போகிற பனித்துணுக்கும் கீழே விழுகிற குறுணி ஆலங்கட்டியும் மோதிக்கொள்வதில்தான் மின்னேற்றம் பிரிகிறது. மூன்று மணி இடியின் கணக்கு இவ்வளவுதான். ஒக்டோபர், நவம்பரில் இதே ஆட்டம் இன்னொரு தடவை வரும். இடையில் ஓகஸ்ட், செப்டெம்பரிலும் ஊவாவில் சில பின்னேரங்களில் இடிமழை உண்டு. ஆகவே வீடு மாறியதும் பருவம் மாறியதும் அடுத்தடுத்து நடந்துவிட்டன. இடி உங்கள் புது வீட்டைத் தேடி வரவில்லை.

அப்படியென்றால் லயத்தில் ஏன் இந்த அளவுக்குத் தெரியவில்லை? ஒரே தோட்டத்துக்குள் மேல் பிரிவான மேக்கணக்குக்கும் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கும் இடையில் முகில் ஆள் பார்த்து இடிப்பதில்லை. ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் இடிநாள்களின் எண்ணிக்கை மாற இடமில்லை, இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். கேட்கிற விதம்தான் மாறுகிறது. பள்ளத்தில், சரிவை ஒட்டி, பத்துக் காம்பரா ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் லயத்தில் வானம் ஒரு கீற்றுத்தான் தெரியும். மேட்டு வீட்டில் நாலு பக்கமும் திறந்த வானம். பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் மடுல்சீமைப் பக்கம் மின்னினாலும் ஜன்னலில் தெரியும். முகிலின் அடிப்பாகம் உங்கள் கூரைக்குக் கிட்டத்தில் இருக்கும், சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும், சீலிங் அடிக்காத தகரக் கூரை அதை வாங்கி இன்னும் பெரிதாக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லயத்தில் இடி இடித்தால் பக்கத்துக் காம்பராவிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள், பிள்ளைகள் எல்லாம் ஒரே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) கூடுவார்கள். இப்போது நீங்களும் பிள்ளையும் மாமியாரும் மட்டும். தனியாக இருக்கும்போது இடியின் சத்தம் கூடத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனிச் சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. மேட்டு விளிம்பில் தனியாக நிற்கும் வீட்டில் மின்னல் நேராக விழும் வாய்ப்பு, பள்ளத்து வீட்டைவிடக் கூட. அது உண்மை. எவ்வளவு கூட என்பது வீட்டைச் சுற்றி என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே ஒரு சவுக்கு மரமோ, டர்பன்டைன் மரமோ, தொலைத்தொடர்புக் கோபுரமோ இருந்தால் கணக்கே மாறிவிடும். முகிலிலிருந்து இறங்கும் மின்னல் படிப்படியாக, ஏறக்குறைய ஐம்பது மீற்றர் ஐம்பது மீற்றராகத் தாவி வருகிறது. கடைசி நூறு மீற்றர் அளவில்தான் கீழே இருப்பவை அதற்குப் பொருட்டு. அந்த நேரத்தில் உயரமாகவும் தனியாகவும் கூர்மையாகவும் நிற்பதிலிருந்து ஒரு மின் இழை மேலே எழும்பும், இரண்டும் சந்திக்கும். நிலத்துக்கு அடியில் என்ன கல் கிடக்கிறது என்பது இந்தத் தேர்வில் கணக்கில் வருவதில்லை. ஆகவே கல் மின்னலை இழுக்கிறது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் அயல்வீட்டார் கல்லைக் காட்டியது முழுக்க வீண் பேச்சுமில்லை. இழுப்பதில்தான் கல்லுக்குப் பங்கில்லை. விழுந்த மின்சாரம் எங்கே போகிறது என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஈர மண்ணில் மின்சாரம் இறங்கிப் பரவிப் போய்விடும். கருங்கல்லில் இறங்க வழியில்லாமல் மேல் மண்ணிலேயே நெடுந்தூரம் படரும், உங்கள் எர்த் கம்பியும் சரியாக வேலை செய்யாது. உங்கள் டிவி எரிந்த கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் ஊகம்.

சாமான் எரிய வீட்டில் மின்னல் விழ வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி விழுந்தாலே போதும். தோட்டத்துக்குள் கரன்ட் கம்பி போஸ்ட் போஸ்டாக மலையேறி வருகிறது, உங்கள் வீடு அநேகமாக அந்த வரிசையின் கடைசி வீடு. மின்னலுக்குப் பக்கத்தில் உள்ள நீளமான கம்பி எதிலும் ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். 230 வோல்ட்டுக்குச் செய்த டிவி அதைத் தாங்காது. அது கரன்ட் கம்பியால் வரலாம், டிஷ் வயரால் வரலாம், டெலிபோன் வயரால் வரலாம். ஸ்விட்சை நிற்பாட்டித்தானே வைத்திருந்தேன் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிளக் பொயின்டில் இருக்கும் ஸ்விட்சுக்குள் இடைவெளி சில மில்லிமீற்றர்தான். முகிலிலிருந்து கிலோமீற்றர்க் கணக்கில் தாவி வந்ததற்கு அது ஒரு தடையே இல்லை. தவிர, அந்த ஸ்விட்ச் ஒரு கம்பியைத்தான் வெட்டுகிறது, நியூட்ரல் கம்பி அப்படியே டிவியோடு தொட்டபடி இருக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு முழம் தள்ளி வைப்பது ஒன்றுதான் உறுதியான வழி. டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். வானம் கறுக்கும்போதே கழற்றுங்கள். தலைக்கு மேல் இடித்துக்கொண்டிருக்கையில் ஓடிப்போய்ப் பிளக்கில் கை வைக்க வேண்டாம். டிவி போனால் போகட்டும்.

எர்த்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் நான் ஆகக் கவலைப்படுவது அதற்காகத்தான். மூன்று வருடத்துக்கு முன் லுணுகலைப் பக்கம் உங்களுடையது மாதிரியே மேட்டைச் சீவிக் கட்டிய ஒரு புது வீட்டுக்குப் போனேன். இடிக்கிற நாளிலெல்லாம் பல்பு எரிந்துபோகிறது, பிரிட்ஜைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றார்கள். மெயின் ஸ்விட்ச் புதிது, ட்ரிப் ஸ்விட்ச் நல்லது, உள்வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. வெளியே சுவரோரம் எர்த் கம்பியின் தலை தெரிந்தது. கிளாம்ப் பச்சைப் பாசி பூத்துக் கிடந்தது. இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன், பால் பல் மாதிரி ஆடியது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒன்றரை அடி. மேல் நுனியில் ஹெக்சோ பிளேடால் அறுத்த கோடு. நாலடி இறங்க வேண்டிய கம்பி கல்லில் முட்டியதும், மீதியை அறுத்துவிட்டு வயரைக் கட்டியிருக்கிறார்கள். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நம்பியா புள்ளைங்கள வச்சிருந்தோம்" என்றார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

இந்தக் குறை ஏன் அதுவரை வெளியே தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக எர்த் கம்பி அடிக்கிறோம், அதோடு 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுகிற ட்ரிப் ஸ்விட்ச் போடுகிறோம். எர்த் ஓரளவு மோசமாக இருந்தாலும் அந்த ஸ்விட்ச் விழுந்து ஆளைக் காப்பாற்றிவிடும். அதனால் பட்டனை அழுத்திப் பார்த்து, விழுகிறது, எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். பட்டன் ஸ்விட்சைத்தான் பரிசோதிக்கிறது, எர்த்தைப் பரிசோதிப்பதில்லை. மின்னலின் மின்சாரம் பத்தாயிரக்கணக்கான அம்பியர். அது வரும்போதுதான் ஒன்றரை அடிக் கம்பியின் லட்சணம் தெரியும். எனவே தகுதியுள்ள வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்பவரின் பேச்சை ஏற்க வேண்டாம். அந்த லுணுகலை வீட்டில் நான் செய்தது இதுதான்: சமையலறைத் தண்ணீர் ஓடிப்போகும் கானுக்குப் பக்கத்தில், வாழை நின்ற ஈர மண்ணில் இரண்டு முழுக் கம்பிகளை, ஒன்றுக்கொன்று ஒரு கம்பி நீளத்துக்கு மேல் தள்ளி அடித்து, இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். கல் நிலத்தில் ஈரத்தைத் தேடிப் போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ட்ரிப் ஸ்விட்ச் இடி நேரத்தில் அடிக்கடி விழுந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். பிரிட்ஜில் இருக்கும் பால் கெட்டுவிடும் என்று அதை ஓரங்கட்டி நேராகக் கரன்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை, யாரும் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள். சாமானைக் காக்க சர்ஜ் பாதுகாப்புக் கருவி என்று ஒன்று மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பொருத்தலாம். கம்பியில் வோல்ட் எழும்பும்போது அதை எர்த்துக்குத் திருப்பிவிடும். அது வேலை செய்வது எர்த்தை நம்பித்தான், எர்த் இல்லாத வீட்டில் அது சுவரில் தொங்கும் ஒரு பெட்டி மட்டுமே. அதற்குப் போகும் வயர் அரை மீற்றருக்குள் இருக்க வேண்டும், நீளமாகச் சுற்றி எடுத்தால் பலன் குறைந்துவிடும். எல்லாம் சரியாகச் செய்தாலும், பக்கத்துப் போஸ்டிலேயே மின்னல் விழுந்தால் அது தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தூரத்து மின்னல்களுக்கு நல்லது. அவைதான் அதிகம்.

இடிதாங்கியைப் பற்றி நேரடியாகவே கேட்டிருக்கிறீர்கள். இடிதாங்கி மின்னலை விரட்டாது, வரவிடாமல் தடுக்காது. விழுவதை வாங்கி, வீட்டுக்கு வெளியால் மண்ணுக்குக் கொண்டுபோகிறது. மேலே ஒரு முனை, கீழிறங்கும் தடித்த பட்டை, அடியில் நல்ல எர்த், மூன்றும் சேர்ந்ததுதான் இடிதாங்கி. அடியில் எர்த் இல்லாமல் மேலே கம்பி மட்டும் நட்டால், மின்னலை அழைத்து வாசலில் நிறுத்தியது போலாகிவிடும். அதன் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் இடையில் சுவரைத் தாண்டிப் பொறி பாயும். ஒரே கருவி பெரிய வட்டத்தையே காக்கும் என்று சொல்லி விற்பவை சந்தையில் உண்டு. சாதாரணக் கம்பியைவிட அவை அவ்வளவு தூரம் காக்கும் என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை, அதற்குக் கடன்படாதீர்கள். ஒற்றைத் தட்டு வீட்டுக்கு, அதுவும் பக்கத்தில் உயர்ந்த மரமோ போஸ்டோ இருந்தால், நான் முதல் காசை எர்த்தில் போடுவேன், இரண்டாவதை சர்ஜ் கருவியில். மேட்டு உச்சியில் சுற்றி ஒன்றுமில்லாமல் நிற்கும் வீடு என்றால் இடிதாங்கி நியாயம்தான், ஆனால் அதை முறையாகச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தகரக் கூரை மின்னலை இழுக்கும் என்ற பயம் வேண்டாம். விழுந்தால் அந்தப் புள்ளியில் ஓட்டை விழலாம், மற்றபடி தகரம் மின்சாரத்தைப் பரத்திவிடும்.

இனி ஆட்கள். மின்னலில் சாகிறவர்களில் தலையில் நேராக விழுந்து சாகிறவர்கள் குறைவு. நிலத்தில் படர்ந்து காலால் ஏறுவதும், மரத்திலிருந்து பக்கவாட்டில் பாய்வதும், கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது வருவதுமே அதிகம். வீட்டுக்குள் இருங்கள், அது வெளியைவிட எவ்வளவோ மேல். உள்ளே இருக்கும்போது குழாயடி வேலை, குளிப்பு, பாத்திரம் கழுவுவது, அயர்ன் பண்ணுவது, சார்ஜில் போட்டபடி போன் பேசுவது ஆகியவற்றை நிறுத்தி வையுங்கள். வயரில் மாட்டாத போன் மின்னலை இழுக்காது, கணவருடன் தாராளமாகப் பேசலாம். ஜன்னல் கிரிலிலிருந்தும், கொங்கிரீட் சுவரில் சாய்வதிலிருந்தும் தள்ளி, அறையின் நடுவில் கட்டிலிலோ மரக் கதிரையிலோ இருங்கள். இஸ்தோப்பில் நின்று மழை பார்ப்பது நம் எல்லோருக்கும் பிடித்த காரியம், இடி நேரத்தில் மட்டும் வேண்டாம்.

இதைவிட முக்கியமாக உங்கள் துணிக்கொடியைப் பாருங்கள். மேட்டு வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இது: முற்றத்துச் சவுக்கு மரத்தில் ஒரு முனை, கூரைச் சட்டத்திலோ ஜன்னல் கிரிலிலோ மறுமுனை, நடுவில் கல்வனைஸ் கம்பி. மரத்தில் விழுகிற மின்னலுக்கு இதைவிட வசதியான பாதை கிடையாது, நேராக உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். போன வருடம் ஒரு வீட்டில் அந்தக் கம்பி கட்டியிருந்த கிரிலைச் சுற்றிச் சுவர்ப் பூச்சு ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது, கீழே கட்டில். பகல் நேரம், யாரும் படுத்திருக்கவில்லை. கம்பியைக் கழற்றி நைலோன் கயிறு கட்டுங்கள். ஊற்றுத் தண்ணீர் வரும் பீலியிலிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் எடுத்திருந்தால், வீட்டுக்கு வரும் கடைசித் துண்டைப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றுவதும் நல்லது. மாடு இருந்தால் மரத்தடியில் கட்ட வேண்டாம். மாட்டின் முன்காலும் பின்காலும் தூரமாக இருப்பதால் நிலத்தில் படரும் மின்சாரம் அதன் நெஞ்சு வழியாகவே பாய்கிறது.

நீங்கள் கொழுந்துக்குப் போகிறீர்களா என்று எழுதவில்லை. போனால், வீட்டைவிட மலைதான் எனக்குப் பயம். அந்திக் கொழுந்து எடுக்கிற நேரமும் இடி நேரமும் ஒன்றாக வருகின்றன. மழை தொடங்கட்டும் என்று காத்திருப்பது பழக்கம். மின்னல் மழைக்கு முன்னால், முகிலிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் விழும். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி ஏற வேண்டும். பெயர், அதாவது நாள் சம்பளக் கணக்கு, குறையும் என்று பயந்து நிற்கிறவர்களை எனக்குத் தெரியும், நிற்க வைக்கிறவர்களையும் தெரியும். கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள், ஒருவராகப் பேச வேண்டாம். நிழல் மரத்துக்கு அடியில் ஒதுங்குவது ஆகப் பெரிய பிழை. கொழுந்து நிறுக்கும் மடுவம், தகரம் போட்ட தூண் கொட்டகை, நனையாமல் காக்கும், மின்னலிலிருந்து முழுக்கக் காக்காது. சுவர் வைத்த கட்டிடம் அல்லது கண்ணாடி ஏற்றிய லொறி, வேன், பஸ்ஸுக்குள் இருப்பது நல்லது, ஓட்டோ உதவாது. எதுவுமே கிட்டத்தில் இல்லையென்றால் கும்பலாக நிற்காமல் ஆளுக்காள் தள்ளி, பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்திக்கொள்ளலாம். அது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

யாராவது விழுந்துவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். மின்னல் பட்ட உடம்பில் கரன்ட் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லாமல் செத்தவர் மாதிரிக் கிடப்பவரைக்கூட உடனே நெஞ்சை அமுக்கினால் மீட்க முடிந்திருக்கிறது. நெஞ்சுக்கு நடுவில், இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அமுக்க வேண்டும். பழகியவர் என்றால் முப்பது அமுக்கலுக்கு இரண்டு மூச்சுக் கொடுக்கலாம். அதே நேரம் இன்னொருவர் 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். ஒரு லயத்தில் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மாமியார் சொல்வதைச் சண்டையாக எடுக்காதீர்கள். இடி இடிக்கையில் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று என் அம்மாவும் சொல்வார், எனக்கு அந்தக் குரலில்தான் பயம் போகும். தலைப்பிள்ளையை வெளியே விடாதே என்பார். அதை எல்லாப் பிள்ளைக்கும் பொருத்திவிட்டால் போதும். மண்வெட்டியையோ கத்தியையோ முற்றத்தில் வீசும் பழக்கத்தை மட்டும் அன்பாகத் தடுத்துவிடுங்கள். அதனால் மின்னல் திரும்பப்போவதில்லை. எறிய ஓடுகிறவர் அந்த நேரத்தில் வெளியே நிற்கிறார் என்பதுதான் கவலை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. இடி நேரத்து மழை ஒரு மணித்தியாலத்தில் கொட்டித் தீர்க்கும் மழை. சீவிய மேட்டில் இருக்கும் வீட்டுக்கு மின்னலைவிடப் பின்னால் நிற்கும் மண்திட்டு பெரிய விசயம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நம் பக்கத்தில் மறந்தவர் இல்லை. மண்திட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கலாக வரும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஜன்னல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், 117க்கு அடித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் சொல்லுங்கள். நேரான விளிம்புள்ள பெயின்ட் வாளி ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாம். ஒரு நாளில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எங்கள் மாவட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று ரேடியோவில் கேளுங்கள். மழைத்தண்ணீர் போகும் கானைத் துப்புரவாக வைத்திருப்பது அதற்கு முன்னால் செய்யக்கூடியது.

வீட்டை விட வேண்டுமா என்றால், மின்னலுக்காக விட வேண்டாம். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் உங்கள் பெயரில் ஒரு கூரை என்பது நம் ஆட்களுக்கு எத்தனை தலைமுறைக் காத்திருப்பு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எர்த்தைச் சரிசெய்யுங்கள், கொடியை மாற்றுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். மகளைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து எடுக்க வேண்டாம், அவளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். மின்னியதும் எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள், சத்தம் கேட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர், பன்னிரண்டு என்றால் நாலு கிலோமீற்றர். தேதி போட்டு எழுதட்டும். ஒரு கிழமைக்குப் பிறகு அந்தக் கணக்கையும், பகல் வெயிலில் எடுத்த எர்த் கம்பித் தலையின் படத்தையும் இங்கே போடுங்கள். இடி உண்மையில் எவ்வளவு கிட்டத்தில் வருகிறது, அந்தக் கம்பி என்ன நிலையில் இருக்கிறது என்று இரண்டையும் வைத்துப் பேசலாம்.